வெள்ளாயியின் மஞ்சள் பாதம்

அந்தக் காலத்தில் கொக்கும் பேசும், நண்டும் பேசும், நாற்றங்காலில் கிடக்கிற தவளைகூடத் தன் பங்குக்கு நியாயம் பேசும். மனிதர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பக்கத்தில், வயலும் வாய்க்காலுமாகக் கிடந்த ஓர் ஊரில், வெள்ளாயி என்று ஒரு சின்னக் கொக்கு இருந்தது. இருந்தது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். இருந்தாள் என்றே சொல்வோம்.

வெள்ளாயி என்றால் வெள்ளை. வெளுத்துக் கஞ்சி போட்ட வேட்டியை அவள் பக்கத்தில் விரித்தால் வேட்டிதான் அழுக்காகத் தெரியும். விடிந்ததும் அலகால் கோதத் தொடங்குவாள். கழுத்து, முதுகு, இறக்கை, வால் என்று ஒவ்வோர் இறகாக எடுத்து நீவி விடுவாள். வயிற்றோடு நிறுத்திக்கொள்வாள். அதற்குக் கீழேயும் தனக்கு உடம்பு உண்டு என்பது அவளுக்கு நினைவே வராது. சேற்றுக்குள் கிடக்கிற காலை யார் பார்க்கப் போகிறார்கள்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாமும் முகத்தைக் கண்ணாடியில் பத்து முறை பார்க்கிறோம், காலை முள் குத்தினால்தான் பார்க்கிறோம்.

அந்த நாளில் சின்னக் கொக்கு இனத்துக்கே தொடையிலிருந்து விரல் நுனி வரை கால் முழுக்க ஒரே கருப்பு. ஆனால் அந்தக் கருப்புக் காலில்தான் வெள்ளாயியின் பிழைப்பே இருந்தது. ஒரு காலைச் சேற்றுக்குள் விட்டு விரல்களை விறுவிறுவென்று ஆட்டுவாள். சேற்றில் பதுங்கியிருக்கும் அயிரையும் கெண்டைக் குஞ்சும் என்னமோ ஏதோவென்று பதறி வெளியே பாயும். பாய்ந்ததுதான் தெரியும், அலகுக்குள் போயிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அவள் மாதிரி சேறு கலக்க ஒரு கொக்கும் கிடையாது. அந்தப் பெருமையைக்கூட அவள் அலகுக்குத்தான் கொடுத்தாள், காலுக்குக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாயிக்கு அப்போதுதான் குளத்து நடுவே நின்ற கருவேல மரத்தில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. அவள் வீட்டுக்காரன் முதல் காற்றிலேயே அடித்துச் செல்லப்பட்டு எங்கே ஒதுங்கினானோ, ஆளைக் காணோம். கதை முடிகிற வரை அவன் வரப்போவதில்லை, அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று வாய்க்கும் அவள் ஒருத்திதான் இரை தேட வேண்டும்.

பதினோரு நாள் விடாத மழை. வயலில் தண்ணீர், வரப்பில் தண்ணீர், மரக்கிளையிலும் தண்ணீர். காலைக் காயவைக்க உலர்ந்த இடம் கையகலம் கிடையாது. வெள்ளாயி பகலெல்லாம் சேற்றில் நின்றாள், ராத்திரி ஈரக்கிளையில் நின்றாள். ஐந்தாம் நாள் விரல் இடுக்கில் அரித்தது. எட்டாம் நாள் எரிந்தது. பதினோராம் நாள் விரலை ஆட்டினால் உயிர் போனது.

குனிந்து பார்த்தாள். கண்ணாடித் தண்ணீருக்குள் தன் காலை முதல் தடவையாகப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்துத் தோல் பிய்ந்து, நடுவில் சிவப்பாக வெடித்திருந்தது. சேற்றுப்புண்.

அவளுக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக வந்தது. இவ்வளவு வெள்ளை உடம்புக்கு அடியில் இப்படி ஒரு காலா என்று கூசிப்போய், அந்தக் காலைச் சேற்றுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தி மறைத்துக்கொண்டாள். எந்தச் சேறு புண்ணைக் கொடுத்ததோ அதே சேற்றுக்குள்ளேயே புண்ணை ஒளித்து வைத்தாள். அசட்டுத்தனம்தான். ஆனால் வெட்கப்படுகிறவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

ஊர்வம்பு பேசுவதற்கென்றே பிறந்த ஆள்காட்டிக் குருவி வரப்பில் ஓடி வந்தது.

"என்னா வெள்ளாயி, நடை பின்னுது? காலுல ஏதும் கோளாறா?"

"கோளாறும் இல்ல, ஒன்னும் இல்ல. சேறு வழுக்குது" என்றாள் வெள்ளாயி.

"இத்தனை நாளா வழுக்காத சேறு இன்னைக்கா வழுக்குது?"

"ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போயேன்."

ஆள்காட்டி போகவில்லை. போனால் அது ஆள்காட்டி இல்லை.

விரல் ஆடாவிட்டால் சேறு கலங்காது, சேறு கலங்காவிட்டால் மீன் பாயாது. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. மூன்றாவது குஞ்சு ஆகச் சின்னது. அண்ணன்மார் இரண்டு பேரும் பிடுங்கித் தின்றது போக மிச்சம்தான் அதற்கு. மிச்சமே இல்லாதபோது அது என்ன செய்யும்? இன்னும் இருபது நாள் போனால்தான் இறக்கை முற்றிப் பறக்கும். அதுவரை தாய் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும்.

அந்த வாரம் இரண்டாம் போகமான தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களுக்கு முதல் ஆள் மாரிக்கண்ணு. அவள் நட்ட வரிசையில் கயிறு பிடித்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது. குனிந்தால் கையிலிருக்கிற நாற்றுக்கட்டு, அந்த முடி, தீரும்வரை நிமிர மாட்டாள். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள், அவர்கள் முன்னால் வயல் பச்சையாகிக்கொண்டே வரும். அவர்கள் கால் பட்டுச் சேறு கலங்கும்போது பூச்சியும் புழுவும் மேலே வரும். வெள்ளாயி தத்தித் தத்தி அவர்கள் காலடியிலேயே போய் அதைப் பொறுக்கினாள். தானே கலக்கித் தின்ற சேற்றில் அடுத்தவர் கலக்கியதைப் பொறுக்கித் தின்பது அவளுக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

மாரிக்கண்ணு ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏ புள்ள வெள்ளாயி, ஏன் எங்க காலடியிலயே சுத்துற? ஒன் காலுக்கு என்னா வந்துச்சு?"

"ஒன்னும் இல்லக்கா."

"தூக்கிக் காட்டு, பாப்போம்."

"காலப் போய் யாராச்சும் காட்டுவாங்களா?" என்று சொல்லிவிட்டு வெள்ளாயி சட்டென்று எழும்பிப் பறந்துவிட்டாள். பறக்கும்போதுகூடக் காலை வயிற்றுக்கு அடியில் மடக்கி ஒளித்துக்கொண்டுதான் போனாள். அந்தக் காலத்தில் கொக்குகள் அப்படித்தான் பறந்தன.

மறுநாள் காலையில் கூட்டில் இரண்டு குஞ்சுகள்தான் வாயைப் பிளந்தன. மூன்றாவது, தலையைத் தூக்கவில்லை. அலகால் மெல்லத் தட்டினாள். கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வெள்ளாயிக்கு வெட்கம், வெள்ளை, ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த ஒரு பார்வையில் எங்கேயோ போய்விட்டது.

நேராக நடவு வயலுக்குப் பறந்தாள். அன்றைக்குத்தான் மழை ஓய்ந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. வயல் நிறையப் பெண்கள். வரப்பில் ஆள்காட்டி, வாய்க்காலில் நீர்க்கோழி, மடையோரத்தில் ஊன்றிய மூங்கில் முளையில் நீர்க்காகம். அத்தனை பேர் நடுவில் இறங்கி, மாரிக்கண்ணுவுக்கு எதிரே நின்று, வெள்ளாயி தன் வலது காலைச் சேற்றுக்குள்ளிருந்து உருவி எடுத்து உயரத் தூக்கினாள்.

"பாருங்கக்கா. இதான் என் காலு. நல்லாப் பாருங்க. இந்தக் காலு ஆடலைன்னா எங்கடைசிப் புள்ள செத்துரும்."

ஆள்காட்டி வீறிட்டது. "ஐயையோ! வெள்ளாயி காலப் பாத்தீங்களா? வெள்ளாயி காலப் பாத்தீங்களா?"

மாரிக்கண்ணு கையிலிருந்த நாற்று முடியைத் தண்ணீரில் மிதக்க விட்டாள். வரப்பில் ஏறி உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீரில் தன் காலைக் கழுவி, வெள்ளாயியின் பாதத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

அதே வெளுப்பு. அதே வெடிப்பு. குதிகாலில் பித்தவெடிப்பு வேறு, ரத்தம் கட்டிக் கிடந்தது. ஊரிலேயே நேராக நடவு நடுகிறவளின் கால் அது.

"ஒன்னைய மாதிரிதான் நானும்" என்றாள் மாரிக்கண்ணு. "எம்புருஷனுக்குக்கூடக் காட்டுனதில்ல. பொழுதுபோனா புடவைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துருவேன்."

அடுத்தடுத்துப் பெண்கள் கரையேறினார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். வரப்பு நீளத்துக்கும் ஊறிப் பிய்ந்த பாதங்கள். ஒருத்தருக்கொருத்தர் தோள் உரச வேலை செய்தவர்கள், அத்தனை நாளும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்ததில்லை. ஆள்காட்டிக்கு இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டது.

அந்த நாளில் மஞ்சள் பூசுவது முகத்துக்குத்தான். நடவு முடிந்து போகிற வழியில் வாய்க்காலில் குளிப்பதற்காகப் பெண்கள் முந்தானையில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்து வைத்திருப்பார்கள். மாரிக்கண்ணு முடிச்சை அவிழ்த்தாள்.

"கதிர் அறுவா கையில பட்டா மஞ்சளத்தான வெச்சுக் கட்டுறோம்? கையில ஆறுற புண்ணு காலுல மட்டும் ஆறாதா? மொகம் என்னா ஒசத்தி, காலு என்னா மட்டம்?"

மடைக்கல்லில் மஞ்சளை உரசிக் குழைத்து, வெள்ளாயியின் விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகத் தடவினாள். எரிச்சலில் வெள்ளாயிக்குக் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள் என்று எழுதலாம், ஆனால் கொக்குக்கு ஏது பல்? அலகை இறுக்கிக்கொண்டாள்.

தடவி முடித்ததும் காலைத் தண்ணீரில் வைத்தாள். மஞ்சள் கரைந்து போய்விட்டது.

மறுபடி தடவினார்கள். மறுபடியும் கரைந்தது. மூன்றாம் தடவையும் அதே கதைதான்.

"அஞ்சு நாளைக்குத் தண்ணியில எறங்காத" என்றாள் மாரிக்கண்ணு. "காலு காஞ்சாதான் மஞ்சள் புடிக்கும், மஞ்சள் புடிச்சாதான் புண்ணு ஆறும்."

"அஞ்சு நாளா? எறங்காம எப்புடிக்கா மீன் புடிக்கிறது? எம்புள்ளைக்கு ஒரு நாளே தாங்காது."

மாரிக்கண்ணு நடாமல் கிடந்த நாற்று முடிகளைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பாடுதான். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இரண்டு நாளில் நட்டாக வேண்டும். இறங்கினால் புண், இறங்காவிட்டால் பட்டினி.

மூங்கில் முளை மேல் நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலில் காட்டிக்கொண்டிருந்தது. கொடியில் துணி தொங்குகிற மாதிரி நிற்கிறானே என்று வெள்ளாயி எத்தனையோ நாள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, தெனமும் ஏன் இப்புடி விரிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டாள்.

"இது என்னா கேள்வி?" என்றது நீர்க்காகம். "முங்குனா நனையுது. நனைஞ்சதக் காயவெச்சுட்டுத்தான் மறுபடி முங்கணும். காயாமலே முங்கிக்கிட்டிருந்தா எறக்கை கனத்து ஒரு நாள் முங்குனவன் முங்குனதுதான். அது எங்கிட்ட ஒழைக்குது. நான் அதக் காயவெக்கிறேன். இதுல சிரிக்க என்னா இருக்கு?"

வெள்ளாயிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. தன்னிடம் உழைத்த காலை அவள் ஒரு நாளாவது காயவைத்திருக்கிறாளா? ஆனால் நீர்க்காகம் உட்கார்ந்த இடத்தில் இரண்டு இறக்கையையும் ஒன்றாகக் காயவைக்கலாம். அவள் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கினால் எதில் நிற்பது?

யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒரு காலு வேல செய்யட்டும். ஒரு காலு ஆறட்டும். அப்பறம் மாத்திக்கிறேன்."

"தூக்கிக்கிட்டே நின்னா குளுந்த காத்துல எங்கேருந்து காயும்?" என்றாள் மாரிக்கண்ணு. "கதகதப்பா வெச்சுக்க எடம் வேணும்ல?"

கதகதப்பான இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவள் வயிற்று இறகு. உடம்பிலேயே பஞ்சு மாதிரி மெத்தென்ற இடம், தினமும் கோதிக் கோதிப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கெல்லாம் வெள்ளையான இடம். அங்கே கொண்டுபோய்ப் புண்ணும் மஞ்சளுமான காலைச் செருகினால் கறை படியும். படிந்தால் ஊரே பார்க்கும்.

வெள்ளாயி ஒரு முறை குளத்துக் கருவேல மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். மாரிக்கண்ணுவிடம் காலை நீட்டி மஞ்சள் தடவிக்கொண்டாள். அந்தக் காலை மடக்கி, தன் வெள்ளை வயிற்றுக்குள் செருகிக்கொண்டாள். இன்னொரு காலைத் தண்ணீரில் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். சேறும் மஞ்சளும் இறகில் அப்பின. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஆள்காட்டிக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. "ஒத்தக் கால் கொக்கு! ஒத்தக் கால் கொக்கு!" என்று வயல்வெளி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது. வெள்ளாயி அசையவில்லை.

அசையாததும் நல்லதாகப் போயிற்று. இரண்டு கால் நின்றால் கொக்கு என்று தெரிந்துகொள்ளும் மீனுக்கு, ஒற்றைக் கருப்புக் கால் ஆடாமல் நின்றால் கோரைத்தண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கெண்டை வந்து காலை உரசியது. வெள்ளாயியின் கழுத்து மின்னலாகப் பாய்ந்தது. பிடித்தது பெரிய கெண்டை. விழுங்கி, நேராகக் கூட்டுக்குப் பறந்து, மூத்த இரண்டையும் இறக்கையால் ஒதுக்கி நிறுத்திவிட்டு, தலை தூக்காத கடைசிக் குஞ்சின் வாயில் இரையைக் கக்கி ஊட்டினாள். அது விழுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் வேண்டும் என்று கத்தியது. பிள்ளை பசி என்று கத்துவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் அந்தக் குளத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

உச்சிப்பொழுது வரை வலது கால் வயிற்றுக்குள், உச்சிக்கு மேல் இடது கால் வயிற்றுக்குள். மாற்றும்போதெல்லாம் மாரிக்கண்ணுவிடம் வந்து புது மஞ்சள் தடவிக்கொண்டாள். அதைப் பார்த்து நடவுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வயலில் நட்டால் பாதிப் பேர் வரப்பில் இருந்தார்கள். ஏறியவர்கள் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் முந்தானையால் ஒற்றித் துடைத்து, மஞ்சள் குழைத்துத் தடவி, அது காய்கிற வரை கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசினார்கள். இப்படி உட்கார்ந்தால் வேலை எங்கே நடக்கும் என்று ஒரு கிழவர் கரையில் நின்று முணுமுணுத்தார். ஆனால் வலி குறைந்த கால் இரண்டு மடங்கு வேகமாக நகர்ந்தது. இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் கடைசி நாற்றை ஊன்றிவிட்டு, மாரிக்கண்ணு நிமிர்ந்து நின்று குலவை போட்டாள். அந்தச் சத்தத்தில் குளத்துப் பறவையெல்லாம் எழும்பி அடங்கின.

ஒரு வாரத்தில் வெள்ளாயியின் புண் ஆறிற்று. தோல் கூடிற்று. விரலை ஆட்டினாள், சேறு கலங்கிற்று, அயிரை பாய்ந்தது. வயிற்றில் படிந்த கறை அடுத்த மழையில் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் பாதத்து மஞ்சள் போகவில்லை. கழுவிப் பார்த்தாள். மணலில் தேய்த்துப் பார்த்தாள். கணுக்கால் வரை பழைய கருப்பு, அதற்குக் கீழே பளிச்சென்று மஞ்சள்.

ஆள்காட்டி விடுமா? "என்னா வெள்ளாயி, கால் ஒரு நெறம், பாதம் ஒரு நெறம்? மறைச்சுக்க, மறைச்சுக்க, நாலு பேரு பாக்குறாங்க!"

முன்பென்றால் அவள் காலைச் சேற்றுக்குள் அழுத்தியிருப்பாள். இப்போது பாதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து, விரல்களை அகல விரித்து, ஆள்காட்டியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாரு. மூணு உசுரக் காப்பாத்துன பாதம் இது. மறைக்கிறதுக்கு இதுல என்னா இருக்கு?"

குஞ்சுகளுக்கு இறக்கை முற்றிப் பறக்கிற நாள் வந்தது. அன்றைக்கே வெள்ளாயி மூன்றையும் கூட்டிக்கொண்டு வரப்புக்குப் பறந்து வந்தாள். களையெடுக்க வந்திருந்த மாரிக்கண்ணு மடைக்கல்லில் மஞ்சள் உரசி, ஆறு பாதங்களுக்கும் தடவிவிட்டாள். கடைசிக் குஞ்சு கூச்சத்தில் நெளிந்தது. "அட, நில்லுடா என் ராசா, ஒனக்காகத்தான இத்தனையும்" என்று சொல்லி அதற்கு மட்டும் இரண்டு தடவை தடவினாள். அவள் பாதமும் அன்றைக்கு மஞ்சளாகத்தான் இருந்தது, புடவையை அவள் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள்.

அன்று முதல்தான் நம் பெண்கள் மஞ்சள் உரசினால் முகத்தோடு நிறுத்தாமல் பாதத்துக்கும் பூசுகிறார்கள். அன்று முதல்தான் கொக்கு ஒரு காலைத் தூக்கி வயிற்றில் செருகிக்கொண்டு நிற்கிறது. அது மீனை ஏமாற்றத் தவம் செய்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உழைத்த காலுக்கு அது ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அன்று முதல்தான் சின்னக் கொக்குக்குக் கால் கருப்பாகவும் பாதம் மட்டும் மஞ்சளாகவும் இருக்கிறது. வயல் மேலே அது பறந்து போகும்போது அண்ணாந்து பாருங்கள், காலை வயிற்றுக்கு அடியில் ஒளிப்பதில்லை. இரண்டு மஞ்சள் பாதத்தையும் வாலுக்குப் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டு, ஊரே பார்க்கட்டும் என்று போகிறது.